தண்டவாளத்துக்குக் கரண்ட் ஒழுங்காப் போகுதா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த வரிகளை மட்டும் வெட்டி, படிக்க வசதியாகத் தலைப்புகள் சேர்த்திருக்கிறோம்.)

மாடல் ரயில் பத்தி நாம பேச ஆரம்பிச்சதுலேருந்து இன்பாக்ஸ்ல வர்ற கேள்விகளை வரிசையா வச்சுப் பார்த்தா, முக்கால்வாசி ஒரே கேள்விதான். வார்த்தைதான் வேற வேற. "டேபிளோட தூரத்து மூலைக்குப் போனா இன்ஜின் ஸ்லோ ஆயிடுது." "பாயிண்ட் மேல ஏறினா நின்னுடுது, விரலால லேசாத் தட்டினா ஓடுது." "சவுண்ட் அடிக்கடி கட் ஆகி முதல்லேருந்து ஸ்டார்ட் ஆகுது. டீகோடர் போயிடுச்சா, புதுசு வாங்கணுமா?"

கடைசிக் கேள்விக்காகத்தான் இந்த எபிசோட். டீகோடர் ஒண்ணு சில ஆயிரம் ரூபாய். பெரும்பாலும் வெளிநாட்டுலேருந்து வரணும், கஸ்டம்ஸ் கட்டணும், வாரக்கணக்குல காத்திருக்கணும். அதை மாத்தியும் இன்ஜின் அதே மூலையில அதே மாதிரி நிக்கும்போது, "இந்தப் பொழுதுபோக்கே நமக்குச் சரிவராது"ன்னு பெட்டியைக் கட்டிப் பரண்ல போட்டுடுறாங்க. பாதி நேரம் இன்ஜின் மேல ஒரு தப்பும் இருக்காது. கரண்ட் அது வரைக்கும் வந்து சேர்ந்திருக்காது, அவ்வளவுதான்.

இன்னிக்கு நான் சொல்லப் போறதை ஒரே வரியில சொல்லிடறேன். கரண்ட் போற வழியில, நீங்க உங்க கையால உறுதியாப் போடாத இணைப்பு ஒண்ணு கூட இருக்கக் கூடாது. சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கிறது, செருகி வச்சது, முறுக்கி டேப் சுத்தினது, இதெல்லாம் இன்னிக்கு வேலை செய்யும். ஆறு மாசம் கழிச்சு வேலை செய்யுமான்னு யாராலயும் சொல்ல முடியாது.

கரண்ட் எந்த வழியாப் போகுது?

முதல்ல அடிப்படை. உதாரணத்துக்கு எச்ஓ அளவை எடுத்துக்குவோம். நிஜ ரயில்ல 87-ல ஒரு பங்கு. ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 16.5 மில்லிமீட்டர். ரெண்டு தண்டவாளமும் ரெண்டு வயர் மாதிரி. பவர் சப்ளையிலேருந்து கிளம்பற கரண்ட் ஒரு தண்டவாளத்துல ஓடி, சக்கரம் வழியா ஏறி, மோட்டாரைச் சுத்தி விட்டுட்டு, அந்தப் பக்கத்துச் சக்கரம் வழியா இறங்கி, அடுத்த தண்டவாளம் வழியா வீட்டுக்குத் திரும்புது.

இதுல சக்கரம் தண்டவாளத்தைத் தொடற இடம் எவ்வளவு சின்னதுன்னு யோசிங்க. கடுகு அளவு கூடக் கிடையாது. அந்தக் கடுகு அளவுக்குள்ள தூசி, எண்ணெய், களிம்பு எல்லாம் இருக்கு. அது போதாதுன்னு அந்த இடம் நகர்ந்துகிட்டே வேற இருக்கு. ஆக இந்த இணைப்பு எப்பவுமே கொஞ்சம் ஆட்டம் காணும். இதை நூறு சதவீதம் சரி பண்ண முடியாது. அதனாலதான் மத்த எல்லா இணைப்பும் கல்லு மாதிரி இருக்கணும்னு சொல்றேன். பிரச்சினை ஒரே இடத்துல இருந்தா கண்டுபிடிக்கலாம். நாற்பது இடத்துல இருந்தா எங்கேன்னு தேடறது?

பாக்கெட் தொலைஞ்சா திரும்ப வரும், கரண்ட் வராது

நம்ம கூட்டத்துல பாதிப் பேர் சாஃப்ட்வேர் ஆளுங்கன்றதால, டிசிசி பத்தி ரெண்டு நிமிஷம். பழைய டிசி முறையில தண்டவாளத்துல 0 முதல் 12 வோல்ட் வரைக்கும் ஏத்தி இறக்கி ஸ்பீடை மாத்துவோம். டிசிசில தண்டவாளத்துல எப்பவும் முழு வோல்டேஜ் இருக்கும். எச்ஓ-ல சுமார் 15 வோல்ட்னு வச்சுக்கங்க. அந்த வோல்டேஜையே இப்படியும் அப்படியும் புரட்டிப் புரட்டி, அதுலயே டேட்டாவும் அனுப்புவாங்க. ஜெர்மனியோட லென்ஸ் நிறுவனம் உருவாக்கின இந்த முறையை, அமெரிக்காவோட தேசிய மாடல் ரயில்ரோடு சங்கம் 1990-கள்ல தரநிலையா எடுத்துக்கிச்சு.

புரட்டற நேரம்தான் பிட். ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ செகண்ட் இருந்தா அது 1. நூறு மைக்ரோ செகண்டோ அதுக்கு மேலயோ இருந்தா 0. ஒரு பாக்கெட்ல முதல்ல வரிசையா 1-கள், அப்புறம் இன்ஜின் அட்ரஸ், அப்புறம் கட்டளை, கடைசியில ஒரு செக்சம். அது முதல் பைட்டுகளை எக்ஸ்-ஆர் பண்ணினதுதான். கணக்குப் போட்டா ஒரு சின்ன பாக்கெட்டுக்கு ஆறு மில்லி செகண்ட் சுமார் ஆகும். அதாவது ஒரு செகண்டுக்கு நூத்துக்கும் மேல பாக்கெட் ஓடிக்கிட்டே இருக்கு.

இன்ஜின்லேருந்து "கிடைச்சுது"ன்னு பதில் வரணும்னு அடிப்படை முறையில கட்டாயம் இல்லை. நமக்குத் தெரிஞ்ச யுடிபி மாதிரிதான். அனுப்பறவர் அனுப்பிக்கிட்டே இருப்பார். செக்சம் தப்பா இருந்தா டீகோடர் அதைத் தூக்கிப் போட்டுட்டு அடுத்ததுக்குக் காத்திருக்கும். ஒரு பாக்கெட் போனாலும் அடுத்தது வந்துடும். நல்ல டிசைன்.

ஆனா டேட்டாவைத்தான் திரும்ப அனுப்ப முடியும். கரண்ட் கட் ஆன அந்தக் கொஞ்ச நேரத்துல டீகோடருக்குள்ள இருக்கிற புரோசஸர் பட்டினி கிடந்தா, அது ரீபூட் ஆகும். நீங்க பார்க்கிற "சவுண்ட் ரீஸ்டார்ட்" அதுதான். சர்வர் ரூம்ல பிளக் லூஸா இருக்கும்போது உட்கார்ந்து கோடை டீபக் பண்ணினா என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். பிரச்சினை கீழ் லேயர்ல இருக்கு. நாம மேல் லேயர்ல தேடறோம்.

ஜாயினர் ஒரு இணைப்பு இல்லை

இப்போ விஷயத்துக்கு வருவோம். கடையில வாங்கற தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்க, முனையில ஒரு குட்டித் தகடு செருகுவோம். ரயில் ஜாயினர். பிரிட்டிஷ்காரங்க பிஷ் பிளேட்னு சொல்வாங்க. இதோட உண்மையான வேலை ரெண்டு தண்டவாளத்தையும் நேர்கோட்டுல பிடிச்சு வைக்கிறது. கரண்ட் கடத்தறது கூடுதல் வேலை. அதுக்குக் கைகொடுக்கிறது வெறும் உரசல்தான். நாலு தடவை கழட்டி மாட்டினா தகடு விரிஞ்சுடும். நடுவுல களிம்பு ஏறும். பெயிண்டோ ஜல்லி ஒட்டற பசையோ உள்ளே இறங்கும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். மெயின் லைன்லேருந்து ஒரு கிளை பிரியுது. அதுல பத்துத் துண்டு. வயர் கொடுத்திருக்கிறது கிளையோட ஆரம்பத்துல ஒரே இடத்துல. கடைசித் துண்டுல நிக்கற இன்ஜினுக்கு கரண்ட் போய்த் திரும்ப எத்தனை ஜாயினரைத் தாண்டணும்? போக பத்து, வர பத்து, மொத்தம் இருபது. ஒவ்வொண்ணும் 99 சதவீதம் நம்பகமானதுன்னு தாராளமாவே வச்சுக்குவோம். இருபதும் ஒரே நேரத்துல ஒழுங்கா இருக்க வாய்ப்பு, 0.99-ஐ இருபது தடவை பெருக்கினா, 82 சதவீதம்தான். ஐந்துல ஒரு நாள் ரயில் ஓடாதுன்னு இதுக்கு அர்த்தம். இவ்வளவுக்கும் ஒரு ஜாயினர் கூட "ரிப்பேர்" இல்லை.

அடுத்தது வோல்டேஜ். ஒரு ஜாயினர் 0.1 ஓம்னு வைங்க. இருபதுக்கு 2 ஓம். இன்ஜின் அரை ஆம்பியர் எடுத்தா 1 வோல்ட் வழியிலேயே போச்சு. லைட் வச்ச பெட்டியெல்லாம் சேர்த்து ஒரு ஆம்பியர் எடுத்தா 2 வோல்ட் போச்சு. தூரத்து மூலையில ஸ்லோ ஆகுதுன்னு சொன்னீங்களே, காரணம் இதுதான்.

தண்டவாளமும் பெரிசா உதவாது. இப்போ வர்ற நல்ல தண்டவாளம் எல்லாம் நிக்கல் சில்வர். பேர்லதான் சில்வர். உள்ளே இருக்கிறது செம்பு, நிக்கல், துத்தநாகம். கல்யாணத்துல ரிட்டர்ன் கிஃப்ட்டாக் கொடுக்கிற ஜெர்மன் சில்வர் கிண்ணம் இருக்கில்ல, அந்தக் குடும்பம். செம்போட ஒப்பிட்டா இது பத்துல ஒரு பங்கு கூடக் கரண்ட் கடத்தாது. பழைய செட்டுகள்ல வர்ற பித்தளைத் தண்டவாளம் இதைவிட நல்லாக் கடத்தும். ஆனா புளி போட்டுத் தேய்ச்ச குத்துவிளக்கு நாலு நாள்ல மங்கிடுதில்ல, அதே கதைதான். மங்கின அந்த மேல்படலம் கரண்டைத் தடுக்கும். நிக்கல் சில்வர்ல அந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. அதனாலதான் எல்லாரும் அதுக்கு மாறினாங்க. தூரத்துக்குக் கரண்ட் எடுத்துட்டுப் போற வேலையை மட்டும் தண்டவாளத்துக்குக் கொடுக்காதீங்க. அது வயரோட வேலை.

நிஜ ரயில்வே ஜாயின்ட்டை நம்பறதில்லை

இது பொம்மை ரயிலுக்கு மட்டுமான தலைவலின்னு நினைக்காதீங்க. நிஜ ரயில்வேயில, ஒரு பகுதியில வண்டி இருக்கா இல்லையான்னு சிக்னலுக்குச் சொல்ல டிராக் சர்க்யூட்னு ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல வில்லியம் ராபின்சன் 1872-ல இதுக்குக் காப்புரிமை வாங்கினார். தண்டவாளம் வழியாச் சின்ன கரண்ட் போய் ஒரு ரிலேயைத் தூக்கிப் பிடிச்சிருக்கும். வண்டி வந்தா சக்கரமும் அச்சும் ரெண்டு தண்டவாளத்தையும் ஷார்ட் பண்ணும், ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். கரண்ட் வேற காரணத்தால கட் ஆனாலும் சிவப்புதான். தப்பு நடந்தா வண்டி நிக்கணும்னு யோசிச்சுப் பண்ணினது.

அப்படிப்பட்ட இடத்துல, தண்டவாளத்தை இணைக்கிற பிஷ் பிளேட்டை மட்டும் நம்பி விட மாட்டாங்க. ஜாயின்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தண்டவாளத்துலயே துளை போட்டோ வெல்ட் பண்ணியோ தனியாக் கம்பி இணைச்சிருப்பாங்க. பாண்ட்னு பேர். அடுத்த தடவை ஸ்டேஷன்ல வண்டிக்குக் காத்திருக்கும்போது, பிளாட்பாரத்துல நின்னபடியே போல்ட் போட்ட ஜாயின்ட் எதாவது கண்ணுல படுதான்னு பாருங்க. தகட்டை ஒட்டி மெல்லிசாக் கம்பி போறது தெரியலாம். இறங்கிப் போய்ப் பார்க்காதீங்க, அங்கிருந்தே பாருங்க.

பல கிலோ எடையுள்ள இரும்புத் தகட்டை நாலு போல்ட் போட்டு முறுக்கியும் அவங்க அதை மின் இணைப்பா எண்ணலை. நாம நகத்தளவு தகட்டைச் செருகிட்டு, சரியாப் போயிடும்னு நம்பறோம்.

ரயில் நிக்கறது பரவாயில்லை, ஷார்ட் நிக்காததுதான் ஆபத்து

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் எரிச்சல் வகை. இப்போ சொல்றது ஆபத்து வகை, கவனமாக் கேளுங்க.

டிசிசில பூஸ்டர் பெரிய ஆம்பியர் கொடுக்கும். 5 ஆம்பியர் பூஸ்டர்னு வைங்க. பெட்டி தடம் புரண்டு ரெண்டு தண்டவாளத்தையும் ஷார்ட் பண்ணினா, 5 ஆம்பியருக்கு மேல போகும், பூஸ்டர் உடனே கட் பண்ணும். டிசைன் அப்படித்தான்.

இப்போ அந்தப் பழைய கிளையை நினைச்சுக்கங்க. ஜாயினர் எல்லாம் லூஸாகி, ஒவ்வொண்ணும் 0.2 ஓம். மொத்தம் 4 ஓம். கடைசித் துண்டுல ஷார்ட். 15 வோல்ட்டை 4-ஆல வகுத்தா 3.75 ஆம்பியர். பூஸ்டருக்கு அது ஷார்ட் மாதிரியே தெரியாது. நாலு இன்ஜின் ஓடுது போலன்னு நினைச்சு அது பாட்டுக்குக் கொடுத்துக்கிட்டே இருக்கும். 15 வோல்ட், 3.75 ஆம்பியர், அதாவது 56 வாட். அத்தனையும் சூடாத்தான் மாறணும். ஜாயினர்ல, சக்கரத்துல, பெட்டிக்குக் கீழ இருக்கிற பிளாஸ்டிக் போகியில. நம்ம வீட்டுச் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். ரெண்டு சால்டரிங் அயர்னை ரயிலுக்குள்ள வச்சுட்டு நீங்க காபி போடப் போயிருக்கீங்க.

இதுக்கு ஒரு எளிய சோதனை இருக்கு. அமெரிக்காவுல கால் டாலர் காசை வச்சுப் பண்றதால குவார்ட்டர் டெஸ்ட்னு சொல்வாங்க. நமக்கு அஞ்சு ரூபாய்க் காசு போதும். பூஸ்டரை ஆன் பண்ணிட்டு, இன்ஜின், பெட்டி எல்லாத்தையும் எடுத்துட்டு, காசை ரெண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஒரு செகண்ட் வச்சு எடுங்க. பூஸ்டர் கட் ஆகணும். ஒவ்வொரு துண்டுலயும், ஒவ்வொரு பாயிண்ட்லயும் பண்ணுங்க. எங்கே கட் ஆகலையோ அங்கே காசை உடனே எடுத்துடுங்க. சூடாகும், விரலால அழுத்திப் பிடிக்காதீங்க. வயரிங் சரியாகற வரைக்கும் அந்தப் பகுதியில வண்டி ஓட்டாதீங்க.

சரி, எப்படிப் பண்றது?

டேபிளுக்கு அடியில ரெண்டு தடிமனான வயர், லேஅவுட்டோட முழு நீளத்துக்கும் ஓடணும். இதுக்கு பஸ்னு பேர். நம்ம 21ஜி இல்ல, மின்சார பஸ். வீட்டு வயரிங்குக்கு வாங்கற 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரே தாராளம். எந்த எலக்ட்ரிக்கல் கடையிலயும் கிடைக்கும். இதோட தடை மீட்டருக்கு 0.0075 ஓம் சுமார். 5 மீட்டர் போய் 5 மீட்டர் திரும்பினா 0.075 ஓம். முழு 5 ஆம்பியர் போனாலும் 0.4 வோல்ட் கூட இழக்க மாட்டீங்க. மேல பார்த்த 4 ஓம் கிளையோட ஒப்பிட்டுப் பாருங்க.

பஸ்லேருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் ஒரு மெல்லிய வயர் ஏறும். ஃபீடர். 0.5 சதுர மில்லிமீட்டர் போதும். நீளம் 15, 20 சென்டிமீட்டருக்குள்ள இருக்கட்டும். ஒவ்வொரு துண்டுக்கும்னு நான் சொன்னது சும்மா இல்ல. ரெண்டு துண்டுக்கு ஒண்ணு போதாதான்னு கேட்பீங்க. ரெண்டு துண்டை நடுவுல சால்டர் பண்ணிச் சேர்த்துட்டீங்கன்னா அது ஒரே துண்டுதான், ஒரு ஜோடி ஃபீடர் போதும். சால்டர் பண்ணாம ஜாயினர் மட்டும் இருந்தா, தனித்தனி ஃபீடர்.

அப்போ ஜாயினரையெல்லாம் சால்டர் பண்ணி மூடிடலாமா? வளைவுல பண்ணலாம், அங்கே தண்டவாளம் விறைச்சு விலகாம இருக்க அது உதவும். எல்லா இடத்துலயும் பண்ணிடாதீங்க. நிக்கல் சில்வர் 3 மீட்டர் நீளம், வெப்பநிலை 20 டிகிரி மாறினா சுமார் 1 மில்லிமீட்டர் நீளும். மொட்டை மாடி ரூம்ல லேஅவுட் வச்சிருக்கிறவங்களுக்கு இது நல்லாவே புரியும். அடியில இருக்கிற மரமும் ஈரத்துக்கு ஏத்த மாதிரி அசையும். நீளறதுக்கு இடம் இல்லைன்னா தண்டவாளம் நெளிஞ்சுடும். நேர்ப் பகுதியில ஜாயினர் சறுக்கட்டும். கரண்டை ஃபீடர் பார்த்துக்கும்.

சால்டரிங் பத்தி. தண்டவாளத்தோட வெளிப்பக்கத்துல பண்ணுங்க, அப்போதான் சக்கரத்தோட விளிம்பு இடிக்காது. அந்த இடத்தை முதல்ல பளபளன்னு தேய்ச்சுச் சுத்தம் பண்ணுங்க. ரோசின் ஃப்ளக்ஸ் மட்டும்தான். பைப்புக்குப் போடற ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டவே வேண்டாம், அது நாளடைவில வயரை அரிச்சுடும். வயர் முனைக்கும் தண்டவாளத்துக்கும் தனித்தனியா ஈயம் பூசிட்டு, அப்புறம் ரெண்டையும் சேர்த்து ரெண்டு செகண்ட் சூடு. 63-க்கு 37 ஈயம் 183 டிகிரியிலயே உருகிடும். ஸ்லீப்பர் உருகுதேன்னு பயந்து சின்ன, சூடு பத்தாத அயர்னை எடுக்காதீங்க. சூடு பத்தலைன்னா ரொம்ப நேரம் வைப்பீங்க, அப்போதான் ஸ்லீப்பர் உருகும். ரெண்டு பக்கமும் ஈரப் பஞ்சு வச்சா அதிகப்படி சூட்டை அது குடிச்சுக்கும். முடிச்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க, அது ஈயம்.

பஸ்ஸோட ஃபீடர் சேர்ற இடத்துல முறுக்கி டேப் சுத்தறது கூடாது. சால்டர் பண்ணுங்க, இல்லைன்னா ஸ்க்ரூ வச்ச கனெக்டரோ, லீவர் வச்ச கனெக்டரோ போடுங்க. கடலோர ஊர்ல முறுக்கின செம்பு சீக்கிரம் கறுத்துடும்.

நிறம் ரொம்ப முக்கியம். "ஜன்னல் பக்கம் சிவப்பு"ன்னு ஞாபகம் வச்சுக்கிட்டா ஓவல் லேஅவுட்ல மாட்டிக்குவீங்க. இந்தப் பக்கம் ஜன்னலை ஒட்டி இருக்கிற தண்டவாளம், சுத்தி அந்தப் பக்கம் போனதும் ஜன்னலுக்குத் தள்ளிப் போயிடும். வெளிவட்டம் சிவப்பு, உள்வட்டம் கறுப்புன்னு வச்சுக்கங்க. ஒவ்வொரு ஜோடி ஃபீடர் சேர்த்ததும் மல்டிமீட்டர் வச்சு ஷார்ட் இருக்கான்னு பாருங்க. யூனிட் டெஸ்ட் மாதிரி. நாற்பதையும் சேர்த்துட்டு கடைசியில ஆன் பண்ணி ஷார்ட் வந்தா, அந்த ஞாயித்துக்கிழமை போச்சு.

பாயிண்ட்டுக்குத் தனி மரியாதை

ரயில் அதிகமா நிக்கற இடம் பாயிண்ட். ரெண்டு காரணம். ஒண்ணு, நகர்ற நாக்குத் தண்டவாளம். நிறைய பாயிண்ட்ல அது பக்கத்துத் தண்டவாளத்தைத் தொட்டாதான் அதுக்குக் கரண்ட். நடுவுல ஒரு மணல் துகள் மாட்டினா முடிஞ்சுது. அதனால நாக்குக்கும் அதோட பக்கத்துத் தண்டவாளத்துக்கும் அடியில ஒரு குட்டி வயர் போட்டு நிரந்தரமாச் சேர்த்துடலாம். நாக்கு ரெண்டும் தனித்தனியாப் பிரிஞ்சிருக்கிற பாயிண்ட்ல மட்டும்தான் இதைப் பண்ணணும். சேர்ந்திருக்கிற வகையில பண்ணினா ஷார்ட் ஆகும். பாயிண்ட் கூட வர்ற தாளைப் படிச்சுட்டு இறங்குங்க.

ரெண்டாவது, ரெண்டு வழியும் குறுக்கிடற ஃப்ராக். சில பாயிண்ட்ல அது பிளாஸ்டிக், கரண்டே கிடையாது. நீளமான இன்ஜின் கவலைப்படாமத் தாண்டிடும், நாலே சக்கரம் இருக்கிற குட்டி ஷன்டர் நடுவுல உட்கார்ந்துடும். உலோக ஃப்ராக்னா கரண்ட் கொடுக்கலாம். ஆனா பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கோ அதுக்கு ஏத்த மாதிரி ஃப்ராக்கோட துருவமும் மாறணும். பாயிண்ட்டைத் திருப்பற மோட்டாரோட சேர்ந்து மாறற ஒரு ஸ்விட்ச் வச்சா அது தானா நடக்கும்.

பீப் சத்தத்தை நம்பாதீங்க

எல்லாரும் பண்றது என்ன? மல்டிமீட்டரைக் கன்டினியூட்டில வைக்கிறது, பீப் கேட்டுது, வயர் ஓகேன்னு அடுத்த வேலைக்குப் போறது. பல மீட்டர்கள் 30 ஓம் வரைக்கும் கூட பீப் அடிக்கும். நமக்கு 4 ஓம்லயே ஆபத்துன்னு இப்போதான் பார்த்தோம். அதே மாதிரி, இன்ஜின் எதுவும் ஓடாதப்போ வோல்டேஜ் பார்த்தா எல்லா இடத்துலயும் அழகா 15 காட்டும். கரண்ட் போகாதப்போ இழப்பும் இருக்காதே. பிங் வருது, அதனால சர்வர் லோட் தாங்கும்னு சொல்ற மாதிரிதான் இதுவும்.

லோட் கொடுத்துப் பாருங்க. கார் இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 21 வாட், அதுல ரெண்டு வயர் சேர்த்துக்கங்க. அது 12 வோல்ட்ல 1.75 ஆம்பியர் எடுக்கும். உங்க சப்ளை 3 ஆம்பியராவது கொடுக்கும்னா இதைப் பயன்படுத்துங்க. சின்ன ஸ்டார்ட்டர் செட்டுன்னா வாட் குறைஞ்ச பல்பு எடுங்க. பஸ் கிளம்பற இடத்துல பல்பைத் தொட்டு, மீட்டர்ல வோல்டேஜைக் குறிச்சுக்கங்க. அப்புறம் ஒவ்வொரு துண்டுலயும் அதே மாதிரி. அரை வோல்ட்டுக்கு மேல விழற துண்டுல ஃபீடரைத் திரும்பப் பாருங்க. டிசிசில சாதாரண மீட்டரோட ஏசி எண் துல்லியமா இருக்காது. ஆனா இடத்துக்கு இடம் வித்தியாசம்தான் நமக்கு வேணும், அதுக்கு அது போதும். பல்பு நல்லாச் சூடாகும், பிளாஸ்டிக் மேல வச்சுடாதீங்க.

கடைசியில சுத்தம்

வேணும்னேதான் இதைக் கடைசியில வச்சேன். வயரிங்கைச் சரி பண்ணாம வாரா வாரம் தண்டவாளத்தைத் தேய்க்கிறவங்கதான் அதிகம். உப்புத்தாள் போடவே போடாதீங்க. கீறல் விழும், அந்தக் கீறல்லயே அழுக்கு தங்கும். பஞ்சு இல்லாத துணியில ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைங்க, நல்லாக் காயவிட்டு, காத்து வர்ற மாதிரி வச்சுட்டு அப்புறம் கரண்ட் போடுங்க. சக்கரத்தையும் துடைங்க. தண்டவாளத்தை மட்டும் துடைச்சா, அழுக்குச் சக்கரம் ஒரே ரவுண்டுல திரும்பப் பூசிடும். பிளாஸ்டிக் சக்கரம் இருந்தா உலோகத்துக்கு மாத்துங்க.

கீப்-அலைவ் கெப்பாசிட்டர் போடலாமான்னு கேட்பீங்க. போடலாம், நல்ல விஷயம். கரண்ட் விட்டுப் போற சின்ன நேரத்துக்கு டீகோடருக்குச் சோறு போடும். சக்கரத்தோட அந்தக் கடுகளவு தொடுதலுக்கு அதுதான் சரியான மருந்து. ஆனா வயரிங்கை முடிச்சுட்டு அப்புறம் போடுங்க. முதல்லயே போட்டா ரயில் ஜம்முனு ஓடும், ஜாயினர் எல்லாம் 4 ஓம்ல உட்கார்ந்திருக்கிறது உங்களுக்குத் தெரியவே தெரியாது. ரீட்ரை போட்டு எர்ரரை மறைக்கிற கோடை நாம எல்லாரும் ஆபீஸ்ல பார்த்திருக்கோம்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லிட்டு முடிக்கிறேன். எம்ஐடி-ல டெக் மாடல் ரெயில்ரோட் கிளப்னு ஒண்ணு, 1946-ல ஆரம்பிச்சது. அதுல ஒரு கூட்டம் மலை, வீடு, இன்ஜின்னு மேல் பக்கத்தை அழகு பண்ணும். இன்னொரு கூட்டத்துக்கு சிக்னல்ஸ் அண்ட் பவர்னு பேர். டெலிபோன் ரிலேக்களை வச்சுக்கிட்டு டேபிளுக்கு அடியிலேயே குடியிருப்பாங்க. ஹேக்ன்ற வார்த்தை இன்னிக்கு நாம சொல்ற அர்த்தத்துல வளர்ந்தது அந்தக் கூட்டத்துலதான். பீட்டர் சாம்சன் 1959-ல தொகுத்த கிளப் அகராதியில அது இருக்கு. ஸ்டீவன் லெவி 1984-ல எழுதின 'ஹேக்கர்ஸ்' புத்தகமும் அங்கிருந்துதான் ஆரம்பிக்குது. நம்ம தொழிலோட பெரியவங்க சில பேர் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்றதுக்கு முன்னாடி, ரயில் டேபிளுக்கு அடியில வயர் சேர்த்துக்கிட்டு இருந்தாங்க.

இந்த வீக்கெண்டுக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். காசு டெஸ்ட். பதினஞ்சு நிமிஷம் போதும். எந்தெந்தத் துண்டுல பூஸ்டர் கட் ஆகலைன்னு சாக்பீஸ்ல குறி போட்டுட்டு, ஃபீடர் வேலையை அங்கேருந்து ஆரம்பிங்க. லைன் வளைஞ்சு வந்து தன்மேலயே சேர்ற ரிவர்ஸ் லூப்ல இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தைத் தொட்டு ஷார்ட் ஆகுமே, அதுக்கு என்ன வழின்னு அடுத்த எபிசோடுல பார்ப்போம். டேக் கேர் மக்களே.